கன்னி ராசிக்கு நான் சொன்ன பலன்

என் வயசுக்காரர்களே, சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு இதைப் படிக்க உட்காருங்கள். நம் கூட்டத்தில் எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் எனக்குத்தான் ஆள் விடுகிறீர்கள். பாடையில் கிடப்பவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, அழுது வீங்கின மூஞ்சிகளைச் சிரிக்க வைக்க என்னை விட்டால் ஆளில்லை. நாலாம் கிளாஸில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் பதிலுக்கு அதைக் கைவிட்டேன். எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் தக்கலை பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். ஆகவே இதில் பிழை இருந்தால் பஸ்ஸைத் திட்டுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். கன்னி ராசியில் பிறந்த பெண்பிள்ளை கன்னி மாதம் முழுக்க வீட்டுப்படி தாண்டித் தூரம் போகக் கூடாது. போனால் விளக்கு அணைந்துவிடும். போன வருஷம்கூட உங்களில் ஒருவர் பேத்தியை நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு அனுப்பவில்லை. வேலை போயிற்று. ஏன்வே என்று கேட்டதற்கு, முன்னோர் சொன்னது, மீற முடியுமா என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்த முன்னோர் நான்தான். அதைச் சொன்னபோது முன்னோருக்கு வயசு ஒன்பது. டவுசருக்குப் பின்பக்கம் ரெண்டு ஓட்டை.

எங்கள் அப்பா சோசியரைக் கேட்காமல் தும்மமாட்டார். மாடு வாங்க, மாடு விற்க, கிணறு தூர் எடுக்க, முடி வெட்ட, எல்லாவற்றுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சோசியர் வாயைத் திறக்க வேண்டும். ஒரு தடவை மூலத்துக்கு மருந்து சாப்பிட எந்தக் கிழமை நல்லது என்று கேட்டு விட்டார். பதில் வந்த கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் நின்றுகொண்டே சோறு தின்றார்.

சோசியருக்கு ஒரு பிடிவாதம். எழுதித் தரமாட்டார். எழுதினால் வாக்கு பலிக்காதாம். மூக்கில் பொடியைத் திணித்து, மூன்று தும்மல் போட்டு, கண்ணில் தண்ணீர் வடிய வாயால் சொல்லுவார். போனவன் காதில் வாங்கி வந்து வீட்டில் ஒப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பெரும்பாலும் என் காதுதான் போய்வரும். படிப்பு ஏறாத மண்டை, ஆனால் கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லும். சோசியரின் தும்மலோடு சேர்த்துச் சொல்லிக் காட்டுவேன். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். தும்மலிலும் பலன் இருக்கும் என்று கணக்குப் போடுவார்.

அடுக்களை வாசலில் ஆணியில் ஒரு பழைய பஞ்சாங்கம் தொங்கும். வருஷம் தாண்டியும் எறியவில்லை, உள்ளே படம் இருந்ததால். பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு படம். மூலை எல்லாம் கரப்பான் தின்றிருக்கும், தாளில் மண்ணெண்ணெயும் புளியும் கலந்த ஒரு வாடை. எனக்கு எழுத்து ஆகாது என்பதால் படம்தான் படிப்பு. நண்டு, தேள், தராசு எல்லாம் பார்த்ததும் தெரியும். கன்னி மட்டும்தான் விளங்காது. ஒரு பெண் தோணியில் நிற்பாள். ஒரு கையில் நெற்கதிர், மறு கையில் தீ. துடுப்பு கிடையாது, துழாவுகிறவனும் கிடையாது. எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள், பெண்பிள்ளை கையில் எந்தப் பைத்தியக்காரன் தீயைக் கொடுத்துத் தோணியில் ஏற்றினான், ஒன்றும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் அக்கா கன்னி ராசி. அவளுக்கு அப்போது பதினாறு.

"இது நாந்தாம்டே," என்று அந்தப் படத்தில் விரலை வைப்பாள்.

"படத்துல உள்ளவளுக்குப் பல்லு உள்ள இருக்கே."

முதுகில் ஒன்று விழும். அடித்துவிட்டு அவளே சிரிப்பாள். அவள் சிரித்தால் மூக்கில் பன்றிக்குட்டி போல ஒரு சத்தம் வரும், அதற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்துவாள், பொத்தினால் சத்தம் இன்னும் கூடும். அந்தச் சத்தத்தை வரவழைப்பதுதான் எனக்கு முழுநேர வேலை. நான் இன்றைக்குக் கோமாளியாக இருப்பதற்கு முதல் ரசிகை அவள்தான்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரட்டாசி, நமக்குக் கன்னி மாதம். அந்த மாதத்தில் அறுக்கிற நெல்லுக்குப் பேர் கன்னிப்பூ. அந்த வருஷம் வயலெல்லாம் பழுத்துச் சாய்ந்து கிடந்தது, மேற்கே வானமும் கறுத்துக் கிடந்தது. மழை விழுந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அப்பா ராவும் பகலும் களத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் அவர் மேலிருந்து வைக்கோல் தூசு உதிரும், கண் ரெண்டும் சிவந்திருக்கும்.

கன்னி ஒன்பதாம் தேதி அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி என்றாள், பிறகு வலப்பக்கம் கீழே. காலை நீட்ட முடியவில்லை. இறால் போல வளைந்து கிடந்தாள். வைத்தியர் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார், கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் உடம்பு கொதித்தது. அப்பா கஞ்சி குடிக்கக் களத்திலிருந்து வந்தபோது அம்மா கஞ்சியை வைக்காமல் முன்னால் நின்றாள்.

"பிள்ளைய நாகருகோயில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போவோம். குடிச்ச வெள்ளங்கூட வயித்துல நிக்கல்ல, கேட்டியளா?"

"களத்துல கதிரு கெடக்கு. மேக்க பாத்தியா, எப்பிடிக் கறுத்திருக்குன்னு? இருக்கது ஒரு வண்டி. அதையும் கொண்டு போனா நெல்ல ஆரு, ஒங்கப்பனா சொமப்பான்?"

"நெல்லு பொறவும் வெளையும்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருட்டி. போவாண்டாம்னா சொன்னேன்? பிள்ளையோ கன்னி ராசி, நடக்கதோ கன்னி மாசம். சோசியர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, நல்ல நேரம் பாத்துக் கொண்டு போவோம்." என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஓடிப்போயி கேட்டுட்டு வா. ஆசுபத்திரிக்கு என்னைக்கு, எந்நேரம் எறங்கலாம்னு கேளு. வெத்தல பாக்கு எடுத்துக்கோ."

நான் வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தபோது அக்கா கூப்பிட்டாள். குனிந்தேன். வாயில் விளக்கெண்ணெய் வாடை.

"ஆசுபத்திரியில வயித்தக் கீறுவாளாம்டே. சோசியரு போவாண்டாம்னு சொன்னா நல்லாருக்கும்."

"சொல்லச் சொல்லுகேன்," என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். மூக்குச் சத்தம் வருவதற்குள் வலி வந்துவிட்டது.

நான் நேராகத்தான் போனேன். ஆற்றங்கரை வரைக்கும் வழியில் எதையும் பார்க்கவில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆற்றுக்கு இப்பால் அறுத்துப் போட்ட வயலில் வாத்து இறங்கியிருந்தது. ஒன்று ரெண்டு இல்லை. வயலே வாத்தாக இருந்தது. அறுப்பு முடிந்த தாள்க்கட்டையில் சிந்தின மணியைத் தின்ன மேற்கே தூரத்திலிருந்து அதுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அத்தனை அலகும் ஒரே நேரத்தில் சேற்றைக் கிளறுகிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருந்தது. சேறும் வாத்துப்பீயும் பச்சை வைக்கோலும் சேர்ந்து ஒரு வாடை, இப்போது நினைத்தாலும் என் மூக்கில் ஏறும்.

வாத்துக்காரர் நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். கம்பை லேசாகச் சாய்த்தார். வயல் முழுக்க இருந்த வாத்து ஒரே உடம்பாகத் திரும்பியது.

"எனக்கும் ஒருக்கா," என்றேன்.

"போடா மோனே, போயி பள்ளிக்கூடத்துல படி."

"பள்ளிக்கூடத்துல வாத்து இல்லையே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைப் பொட்டலத்தைக் கண்டதும் இன்னும் நன்றாகச் சிரித்தார். சோசியருக்குக் கொண்டு வந்த வெற்றிலையை அவர் மென்றார், கம்பை நான் பிடித்தேன். சாய்த்தால் போகிறது, நிமிர்த்தினால் நிற்கிறது. என் பிறப்பிலேயே என் பேச்சுக் கேட்ட முதல் ஜீவன்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாத்தெல்லாம் கூட்டுக்குத் திரும்பத் தொடங்கியபோதுதான் என் நிழல் நீண்டு கிடப்பதைப் பார்த்தேன்.

அக்கரை போய்த் திரும்ப இனி நேரமில்லை. வெற்றிலையும் இல்லை. வாத்து பார்த்தேன் என்று சொன்னால் அப்பா மாட்டுக்கயிற்றை எடுப்பார். வீட்டுக்கு நடக்கிற வழியில் யோசித்தேன். மண்டை அவ்வளவு வேகமாக வேலை செய்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். போகலாம் என்று சோசியர் சொன்னதாகச் சொன்னால் என்னைக்கு, எந்நேரம், எந்தத் திசையில் இறங்க, எந்தக் கால் முதலில் என்று பத்துக் கேள்வி வரும். ஒன்றில் பிடிபட்டால் தோல் உரியும். போகக் கூடாது என்றால் கேள்வியே இல்லை. அக்கா கேட்டதும் அதுதானே.

கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓடினேன், மூச்சு வாங்கினால்தான் நம்புவார்கள் என்று.

"என்னலே சொன்னாரு?" அப்பா முற்றத்தில் நின்றார்.

"போப்பிடாதாம்."

"என்னைக்கு வர?"

"கன்னி மாசம் முடியுத வர. படி தாண்டப்பிடாதாம்."

அப்பா முகத்தைப் பார்த்தேன். எனக்கு அடி விழுமா என்று பார்க்கத்தான் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்து ஏதோ ஒன்று இறங்கியது, தலைச்சுமையை இறக்கி வைத்தவன் முகம் போல. களமும் வண்டியும் நெல்லும் தப்பித்தது என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரிந்தது, நான் சொன்னது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான். பிடித்தால் நீட்டுகிறவன் நான். இன்றைக்கும் அப்படித்தான்.

"ஏன்னு சொல்லலியா?" அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

ஆணியில் தொங்கின பஞ்சாங்கம் அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்தது.

"சொன்னாரு. கன்னிக்கு ஏன் கன்னின்னு பேரு வந்துன்னு சொன்னாரு. அவ ஒரு வீட்டுப் பிள்ளயாம். அறுப்புக் காலத்துல பெத்தவிய அவ கையில கதிரும் வெளக்கும் கொடுத்துத் தோணியில அக்கரைக்கு விட்டாளாம், கலியாணத்துக்கு. சூரியன் அந்தத் தோணிய விட்டு எறங்கினதுக்குப் பொறவுதான் அவ எறங்கணும்னு சொல்லியிருக்கு. இவ கேக்காம கரையில கால வச்சா. வெளக்கு அணஞ்சு போச்சு. அவளும் போயிட்டா. கலியாணம் ஆவாமலே போனதுனால கன்னின்னு பேராம். தெய்வந்தான் அவள எடுத்து, திருப்பித் தோணியிலேயே நிறுத்தி, மேல வச்சுதாம்."

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

"சோசியரா சொன்னாரு இவ்வளவும்?" என்றாள் அம்மா.

"பொடி போட்டுட்டுச் சொன்னாரு. மூணு தும்மல்." தும்மியும் காட்டினேன்.

அந்தத் தும்மலில்தான் விஷயம் முடிந்தது. அப்பா கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "கேட்டியாட்டி? நீ பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். நான் உள்ளே போய் அக்காவிடம், "சொல்லியாச்சு. ஒன்னக் கீறமாட்டா," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது.

பதினொன்றாம் தேதி முழுக்க முனகினாள். பன்னிரண்டாம் தேதி மத்தியானம் வலி சட்டென்று நின்றது. காலை நீட்டினாள். தண்ணீர் கேட்டாள். வீடே மூச்சு விட்டது. அப்பா களத்தில் எல்லாரிடமும் சோசியர் வாக்கைச் சொல்லி, தோணிக்கதையையும் சொல்லி, என்னைக் கூப்பிட்டுத் தும்மச் சொன்னார். தும்மினேன். அறுப்பாட்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரு கருப்பட்டித் துண்டு கிடைத்தது. வாழ்க்கையில் கோமாளித்தனத்துக்கு வாங்கின முதல் கூலி.

மறுநாள் அவள் வயிறு இழுத்துக் கட்டின மத்தளம் போல உப்பியது. முகம் மட்டும் சிறுத்துக்கொண்டே போனது. மூக்கு கூர்மையாயிற்று. நான் பன்றிக்குட்டி போலச் சத்தம் போட்டுக் காட்டினேன். என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பதினாலாம் தேதி காலையில் அப்பா களத்தில் இருந்தபோது அம்மா வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அக்காவை ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குறுக்கே யார் நின்றது தெரியுமா? நான்தான். நாலு நாளாக ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு, என் பொய்யை எனக்கே திருப்பித் தந்திருந்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

"அம்மா, தாண்டப்பிடாது. வெளக்கு அணஞ்சிரும்."

"மாறுலே அங்கிட்டு. சூரியன் எங்க வேணும்னாலும் இருக்கட்டு. எனக்கு எம்பிள்ள வேணும்."

முழங்காலால் என்னைத் தள்ளிவிட்டுப் படி இறங்கினாள். நான் பின்னால் ஓடி வண்டியில் ஏறிக்கொண்டேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாகர்கோவில் போகிற வரைக்கும் அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு, புளியங்கொட்டையைப் போல உருட்டிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்கா வயிற்றில் கை வைத்ததும் அம்மாவைத்தான் பார்த்தார். "குடல்வால் வெடிச்சு ரெண்டு நாள் ஆயிருக்கும்மா. அதுக்கு முன்னால கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பா." அவர் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா இறந்தாள். அவளைக் கீறவில்லை. அதற்கு நேரமில்லை.

ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல நேரமே ஆகவில்லை. படியைத் தாண்டினாள், விளக்கு அணைந்தது. தாண்டவைத்தது யார்? பெற்றவள். "சொன்னத கேக்காம நீயே கொண்டுபோயி கொன்னுட்டியேட்டி," என்று சாவுவீட்டிலேயே ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். அப்பா அதன் பிறகு சாகிற வரைக்கும் அம்மாவிடம் நேராகப் பேசவில்லை. "சோறு வைக்கச் சொல்லுலே" என்று என்னிடம் சொல்லுவார். அவள் ரெண்டடி தூரத்தில் நிற்பாள். நான் நடுவில் தபால்காரன். அந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று இன்னும் நம்பினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சோசியர் வந்தார். அவரைக் கண்டதும் எனக்கு டவுசரிலேயே மூத்திரம் போய்விட்டது. அப்பா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

"நீங்க அவ்வளவு வெளக்கமாச் சொல்லி விட்டிய. இவ கேக்கலியே."

சோசியர் நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நனைந்த டவுசரையும் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"சொல்லித்தான விட்டேன்," என்றார். "விதிய ஆரு தடுக்க?"

சாப்பாடு முடிந்த பிறகு வைக்கோல்போருக்குப் பின்னால் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏலே, நான் வேற என்னெல்லாம் சொன்னேன்?"

முழுக்கச் சொன்னேன். திருப்பிச் சொல்லு என்றார். திருப்பிச் சொன்னேன்.

"தோணிய விட்டுச் சூரியன் எறங்கணுமா? கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு." பொடியை எடுத்தார், போடாமல் கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தார். "இனி நீ ஆருட்டயும் சொல்லாண்டாம். நான் சொல்லிக்கிடுவேன்."

சொல்லிக்கொண்டார். அந்த வருஷத்திலிருந்து அவர் வீட்டு முற்றத்தில் ஆள் நிற்க இடமில்லை. கன்னி ராசிப் பிள்ளைகள் உள்ள வீடெல்லாம் வந்தது. அடுத்த சோசியர்களும் சொல்லத் தொடங்கினார்கள். என்னிடம் பாடம் கேட்டு உருப்பட்ட ஒரே மனுஷன் அவர்தான், அதற்காவது அந்தப் பள்ளிக்கூடம் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

நான் பெரியவனாகி, கீரிப்பாறையில் ரப்பர்ப் பால் சுமந்து, பிறகு முட்டத்தில் மீன் லாரிக்கு லோடு ஏற்றினேன். அங்கே ஒரு கடல்காரரிடம் ஒரு கன்னி மாதத்துச் சாயங்காலம், கன்னி நட்சத்திரம் எது, காட்டும் என்றேன்.

"இந்த மாசத்துல எங்கடே காட்ட? அவ நிக்க எடத்துல இப்ப சூரியன்லா நிக்கு. அந்த வெளிச்சத்துல என்ன தெரியும்? பங்குனி கழிச்சு வா, அந்திக்குக் கெழக்க நிப்பா."

"அப்போ ஏன் இந்த மாசத்துக்கு அவ பேரு?"

"சூரியன் அவகிட்ட நிக்க மாசம், அதுனால. கையில கதிரு ஏன்னு கேட்டா, கதிரு அறுக்க மாசம், அதுனால. இதுல என்ன பெரிய ரகசியம்?"

சித்திரையில் மறக்காமல் போய் நின்றேன். இருட்டத் தொடங்கினதும் கிழக்கே கடல் மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம் காட்டினார், அதுதான் கதிராம். சுற்றி மங்கலாக நாலைந்து பொட்டு. தோணி எங்கே, விளக்கு எங்கே, பெண் எங்கே? எவ்வளவு பார்த்தும் எனக்கு ஒன்றும் கூடி வரவில்லை. முதலில் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துப் பேர் வைத்தவன் யாரோ, அவனும் என்னைப் போல வழியில் எங்கேயோ வாத்து பார்த்துக்கொண்டு நின்றவனாகத்தான் இருப்பான்.

அம்மா எண்பது தாண்டி இருந்தாள். ஊர்ப்பேச்சை அவள் எப்படித் தாங்கினாள் என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். யாராவது முகத்துக்கு நேரே சொன்னால், "அவளுக்குத் தலையெழுத்து அப்பிடி. தூக்கினாலும் போயிருப்பா, தூக்கல்லேன்னாலும் போயிருப்பா," என்பாள். நான் அவளைத் தினமும் சிரிக்க வைத்தேன். சொல்ல வேண்டியதற்குப் பதிலாகத்தான் சிரிக்க வைத்தேன். அவளும் கடன் வைக்காமல் சிரித்தாள்.

அப்புறம் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு மஞ்சள் தேய்க்க வரிசையில் அம்மாவும் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். புதுச் சம்பந்தக்காரி ஒருத்தி கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, "இவிய வேண்டாம், மகள கொண்டுபோயி கொன்னவியல்லா," என்றாள். அம்மா நீட்டின கையை அப்படியே மடக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் மஞ்சள்கூட ஒட்டவில்லை, எதைத் துடைத்தாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து, கம்பு, வெற்றிலை, தும்மல், வைக்கோல்போர். முதலில் சிரித்தாள், வழக்கம்போல ஏதோ சொல்லுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நீ சோசியரப் பாக்கவே இல்ல."

"இல்லம்மா."

"படி தாண்டப்பிடாதுன்னு ஆரும் சொல்லல."

"ஆரும் சொல்லல. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. நான் செஞ்சது எல்லாம்."

இதைத்தான் அவளுக்குக் கொடுக்க வந்திருந்தேன். அடிப்பாள், துப்புவாள், அழுவாள், கடைசியில் குற்றம் தன்மேல் இல்லை என்று ஒரு மூச்சு விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி விரலை மடக்கத் தொடங்கினாள்.

"ஒம்பதாந்தேதி வலி. பத்தாந்தேதி நீ போன. பன்னெண்டாந்தேதி வலி நின்னு. அப்பத்தான் வெடிச்சிருக்கு, டாக்டரம்மா சொன்ன கணக்குக்கு." நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து மடக்கினாள்.

"அம்மா, விடு."

"எழுத்துன்னு நெனச்சுக் கெடந்தேன் மக்கா. எழுத்துன்னா மனுசி ஒறங்கலாம்."

விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் மறுபடியும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். காலையில் கட்டன் காப்பியோடு போனபோது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், படுத்த அடையாளமே இல்லை. காப்பியை வாங்கவில்லை. ரெண்டு விரலை என் முன்னால் நீட்டினாள்.

"பத்தும் பதினொண்ணும்," என்றாள். "வெடிக்கதுக்கு முந்தி ரெண்டு நாளு சும்மால்லா கெடந்திருக்கு."